கப்பிங் செட் வாங்கும் முன்: கண்ணாடி, பம்ப், சிலிக்கான் மூன்றும் எப்படி?

தோலில் கப்பை ஒட்டவைத்து, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்துத் தோலை மேலே இழுக்கும் சிகிச்சைதான் கப்பிங். கப்பிங் செட் என்று தேடினால் மூன்று வகை வருகின்றன. நெருப்புக் காட்டி வைக்கும் கண்ணாடிக் கப், பம்பால் காற்றை உறிஞ்சும் பிளாஸ்டிக் கப், கையால் அமுக்கி ஒட்டவைக்கும் சிலிக்கான் கப். விளம்பர வரிகள் மூன்றுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாங்குபவர் பார்க்க வேண்டியது வேறு: இழுவையை எவ்வளவு நிதானமாகக் கூட்டலாம், வலித்தால் எவ்வளவு சீக்கிரம் விடலாம், அடுத்தவர் உடம்பில் வைக்கும் முன் எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்யலாம். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் வீட்டுக்குப் பம்ப் செட் போதும். கண்ணாடி பயிற்சி பெற்ற கைக்கு மட்டும். சிலிக்கான், கப்பை நகர்த்தித் தேய்ப்பதற்கு.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. சீனாவின் மாவாங்துய் கல்லறையிலிருந்து 1973-இல் எடுத்த பட்டுச் சுவடிகளிலேயே, மூல நோய்க்குச் சிறிய கொம்பை வைத்து உறிஞ்சும் முறை இருக்கிறது. அந்தக் கல்லறை மூடப்பட்டது கி.மு. 168-இல். உலகம் முழுக்கப் பேசவைத்தது 2016 ரியோ ஒலிம்பிக். நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் தோளில் இருந்த வட்டத் தடங்களைப் பார்த்த பிறகு வீட்டு உபயோக செட்டுகளைத் தேடியவர்கள் ஏராளம். ஆனால் அந்தத் தடங்களுக்குப் பின்னால் ஒரு தெரபிஸ்டின் கை இருக்கிறது. பெட்டியோடு அது வருவதில்லை.

பம்ப் செட்டிலிருந்து தொடங்கலாம். துப்பாக்கி வடிவக் கைப்பிடி, பல அளவுகளில் கப், முதுகுக்கு எட்டவைக்க ஒரு நீட்டுக் குழாய். கப்பின் உச்சியில் ஒரு சிறிய வால்வு இருக்கிறது. அதற்குள் ஒரு தண்டு, தண்டில் ஒரு ரப்பர் வாஷர். செட்டின் ஆயுள் அந்த வாஷரில்தான் இருக்கிறது. மசாஜ் எண்ணெய் பட்டுப் பட்டு ரப்பர் உப்பும் அல்லது இறுகும். பிறகு காற்று கசியும். கப் தானாக விழுந்தால் பம்பைக் குறை சொல்ல வேண்டாம், முதலில் வாஷரைப் பாருங்கள். உதிரி வாஷர் தராத செட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கியவுடன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒரு பஞ்சுத் துணுக்கைக் கப்பின் விளிம்பைச் சுற்றி மெதுவாக ஓட்டுங்கள். அச்சில் வார்த்த கோட்டில் பிசிறு இருந்தால் பஞ்சின் இழை அங்கே மாட்டும். அந்தக் கப்பை ஒதுக்கிவிடுங்கள், இழுவையில் அந்தப் பிசிறு தோலைக் கிழிக்கும். அடுத்து, விளிம்பை லேசாக ஈரமாக்கி, வழவழப்பான கண்ணாடிப் பரப்பில் வைத்து ஒன்றிரண்டு முறை இழுத்துவிட்டு 10 நிமிடம் விடுங்கள். பிறகும் கப் அசையாமல் பிடித்திருந்தால் வால்வு நல்லது. சும்மா தொட்டாலே வழுக்கினால் கசிவு இருக்கிறது.

பெரும்பாலான கைப் பம்புகளில் அழுத்தமானி கிடையாது. 'இரண்டு இழுப்பு', 'மூன்று இழுப்பு' என்றுதான் கையேடு சொல்லும். இது ஏமாற்றும் அளவு. சின்னக் கப்பில் உள்ளே இருக்கும் காற்றே கொஞ்சம். அதே இரண்டு இழுப்பில் அங்கே அழுத்தம் அதிகமாகக் குறையும். பெரிய கப்பில் அழுத்தம் அவ்வளவு குறையாது, ஆனால் பரப்பு பெரியது. கணக்கைப் பாருங்கள்: உள்ளே அழுத்தம் 200 மில்லிமீட்டர் பாதரசம் குறைந்தால், 5 சென்டிமீட்டர் விட்டக் கப் தோலை இழுக்கும் விசை சுமார் 5.3 கிலோ எடைக்குச் சமம். விட்டம் 2.5 சென்டிமீட்டர் என்றால் அது சுமார் 1.3 கிலோதான். ஆகவே இழுப்பை எண்ணுவதைவிடத் தோலைப் பார்ப்பது மேல். கப்புக்குள் தோல் மெல்ல மேடு கட்டி, இளஞ்சிவப்பானால் முதல் தடவைக்குப் போதும். கருஞ்சிவப்பாக மாறத் தொடங்கினால், அல்லது இழுவிசை எரிச்சலாகவும் குத்தலாகவும் மாறினால், நேரம் பார்க்காமல் விட்டுவிட வேண்டும். பம்ப் செட்டின் பெரிய பலமே இதுதான்: வால்வுத் தண்டை மேலே தூக்கினால் அந்தக் கணமே காற்று உள்ளே வந்துவிடும்.

நேரத்துக்கு வருவோம். முதல் முறை 3 முதல் 5 நிமிடம். உடம்பு ஏற்றுக்கொண்டால் பிறகு 5 முதல் 10 நிமிடம். 15 நிமிடத்துக்கு மேல் போனால் நீர்க் கொப்புளம் வரும் வாய்ப்பு கூடும். இழுவிசை கடுமையாக இருந்தால் அதற்கு முன்பே வரும். கொப்புளம் வந்தால் உடைக்காமல், சுத்தமான காஸ் துணியால் மூடிவையுங்கள். அதை 'கெட்ட நீர் வெளியே வந்துவிட்டது' என்று விளக்குபவர்களை நம்பாதீர்கள். தோலின் மேலடுக்கு கீழடுக்கிலிருந்து பிய்ந்து, இடையில் திரவம் சேர்ந்திருக்கிறது, அது காயம்.

செந்நீலத் தடமும் அப்படித்தான். நுண்குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் ரத்தம் கசிவதால் வரும் நிறம் அது. 7 முதல் 10 நாளில் மஞ்சளாகி மறையும். சீன மருத்துவ மரபில், தடம் கறுப்பாக விழுந்தால் அங்கே ரத்தம் தேங்கியிருக்கிறது என்று படிப்பார்கள். ஆனால் ஒரே முதுகில் ஒரே இடத்தில் இழுவிசையையும் நேரத்தையும் மாற்றினாலே தடத்தின் அடர்த்தி மாறும். ரத்தக் குழாய்கள் பலவீனமான முதியவர்களுக்கு லேசான இழுப்பிலேயே கறுத்துப்போகும். எனவே தடத்தின் நிறத்தை வைத்து நோய் சொல்வதும், இன்னும் கறுப்பாக வரட்டும் என்று பம்பை இழுப்பதும் வேண்டாம். பழைய தடம் மறையாத இடத்தில் மறுபடி வைப்பதும் தவறு.

பம்ப் செட்டுகளோடு கூர்முனைக் காந்தங்களும் சிலவற்றில் வரும். கப்பின் நடுவில் பொருத்தினால் தோல் எழும்பி அந்த முனையில் குத்தும். குத்துவது உணர்வுக்குத் தெரியும். காந்தத்தால் தனிப் பலன் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர் வீட்டில் இருந்தால் அந்தப் பொட்டலத்தைத் திறக்கவே வேண்டாம். நீட்டுக் குழாயிலும் ஒரு ஆபத்து: தன் முதுகில் தானே வைப்பவர் தோலைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத இடத்தில் வைக்க இன்னொருவர் கூட இருக்க வேண்டும்.

கண்ணாடிக் கப் பார்க்க அழகு, இழுவையும் சீராக இருக்கும். உள்ளே சூடாகி விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடும். கப் தோலில் அமர்ந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்கும், அதனால் உள்ளே அழுத்தம் குறையும். நெருப்பு ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது என்பது சின்னப் பங்குதான். முறை இது: ஆர்ட்டரி ஃபோர்செப்ஸில் (பூட்டிக்கொள்ளும் மருத்துவ இடுக்கி) ஒரு பஞ்சு உருண்டை, 95 சதவீத ஆல்கஹாலில் நனைத்து, சொட்டாத அளவுக்கு நன்றாகப் பிழிந்து, குப்பியை மூடித் தள்ளி வைத்த பிறகே பற்றவைக்க வேண்டும். சுடரைக் கப்பின் நடு ஆழத்தில் ஒன்றிரண்டு விநாடி சுழற்றி வெளியே எடுத்து, உடனே கப்பை வைக்க வேண்டும். சுடர் விளிம்பைத் தொட்டால் விளிம்பு சூடேறி வட்டமாகச் சுடும். பஞ்சு சொட்டினால் எரியும் துளி முதுகில் விழும். கப்பிங்கில் வரும் தீக்காயங்களுக்கு இந்த இரண்டும்தான் வழக்கமான காரணம். கை துடைக்கும் 70 சதவீத ஸ்பிரிட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் தண்ணீர் அதிகம், சுடர் தளரும், சூடான ஈரம் பஞ்சில் மிஞ்சும். கப்பை எடுக்கும்போது பிடுங்கக் கூடாது. விளிம்பை ஒட்டிய தோலை விரலால் அழுத்தி, கப்பை மறுபக்கம் சாய்த்தால் காற்று புகுந்து தானே விடும்.

சுத்தம் என்று பார்த்தால் கண்ணாடிதான் முதலிடம். தடித்த போரோசிலிகேட் (சூடு தாங்கும்) கண்ணாடியை, உயர் அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கலாம். மூங்கில் கப் பாரம்பரியமாகத் தெரிந்தாலும் நார்களுக்குள் எண்ணெயும் ஈரமும் ஊறிவிடும், முழுதாகக் கிருமி நீக்க முடியாது. பலருக்கு வைக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

சிலிக்கான் கப்பில் உடைவது, கசிவது என்ற தொல்லை இல்லை. கொதிநீரும் தாங்கும். குறை என்னவென்றால் இழுவை எவ்வளவு என்பது அமுக்கும் விரலைப் பொறுத்தது, ஒரே கப் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும். வண்ண சிலிக்கானில் உள்ளே தோல் தெரியாது; நிறமற்றதை வாங்குங்கள். நகர்த்தித் தேய்க்க இதுவே சிறந்தது: தோலில் தாராளமாக எண்ணெய் தடவி, லேசான பிடியில், தசையின் போக்கிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். முதுகெலும்பின் முட்டுகள் மேல் ஏற்றக் கூடாது. எண்ணெய் காய்ந்தால் தோல் உராய்ந்து எரியும். சிலிக்கான் எண்ணெய் கலந்த லோஷன்களை மட்டும் தவிர்க்கவும், அது கப்பையே உப்பவைக்கும்.

பிளாஸ்டிக் கப்பைச் சுத்தம் செய்வதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஸ்பிரிட்டால் ஒரு துடைப்பு போதாது. முதலில் வாஷரைக் கழற்றி, சோப்பு நீரில் எண்ணெய் போகக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் படலம் இருந்தால் கிருமிநாசினி கீழே போகாது. பிறகு 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (பிளீச் திரவம்) ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசிக் காயவிடுங்கள். அசிட்டோன் பட்டால் பல பிளாஸ்டிக்குகள் மங்கி விரிசல் விடும். கீறலும் மயிரிழை வெடிப்பும் விழுந்த கப் கிருமிக்கு இடம், தூக்கிப் போடுங்கள்.

ஹிஜாமா போல ரத்தம் எடுக்கும் கப்பிங்குக்கு இந்த செட்டுகள் எதுவும் வீட்டில் வேண்டாம். ரத்தம் வால்வுக்குள்ளும் சில நேரம் பம்புக்குள்ளும் ஏறும், அந்தக் குறுகிய துளையைக் கழுவ முடியாது. பயிற்சி பெற்றவரிடம் போனாலும், கப்பும் பிளேடும் உங்கள் கண் முன் புதுப் பொட்டலத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள். அவர் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம்.

பலன் எவ்வளவு? கழுத்துவலி, இடுப்புவலிக்குச் சில நாள் இதம் கிடைப்பதாக ஆய்வுகள் உண்டு. அவற்றில் பல சிறியவை. தடம் விழும் சிகிச்சை என்பதால் தனக்கு நிஜக் கப்பா போலிக் கப்பா என்று நோயாளி ஊகித்துவிடுவார். காற்று கசிய நுண்துளை போட்ட போலிக் கப்புகளை வைத்தும் இந்தச் சிக்கல் முழுதாகத் தீரவில்லை. தசைப் பிடிப்புக்கு உடற்பயிற்சியோடும் பிசியோதெரபியோடும் ஒரு துணையாக வைத்துக்கொள்வது நியாயம். இடுப்புவலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, தொடை இடுக்கில் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு, கால் பலவீனம் இதில் ஒன்று இருந்தாலும் கப்பை எடுக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வார்ஃபரின், அபிக்சபான், குளோபிடோக்ரல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், ரத்தத் தட்டணு குறைந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டால் தோல் மெலிந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்கு வலி தெரியாது; அதனால் எப்போது விடுவது என்பதும் தெரியாது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கப் வைத்த இடத்திலேயே புதுத் திட்டு கிளம்பலாம். கர்ப்பிணிகளின் வயிறு, அடியிடுப்பு, யாருக்கானாலும் கழுத்தின் முன்பக்கம், சுருள் நரம்பு (வெரிகோஸ் வெயின்), மச்சம், புண் ஆகியவை கப் படக்கூடாத இடங்கள். குழந்தைகளுக்கு வீட்டில் வைக்கவே வேண்டாம்.

24 கப் செட்டில் பாதி பெட்டியைவிட்டு வெளியே வராது. முதுகுக்கும் தோளுக்கும் 4 முதல் 5 சென்டிமீட்டரில் ஆறு, கெண்டைக்காலுக்கும் முன்கைக்கும் 3 சென்டிமீட்டரில் இரண்டு, கையில் ஒரு டைமர், ஒரு பொட்டலம் உதிரி வாஷர். முதல் நாள் இரண்டே இரண்டு கப் வைத்துப் பாருங்கள்; மறுநாள் தோல் எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகு மீதியைத் திறக்கலாம்.