ஐந்து வருட வெனிஷியன் பிளைண்ட்ஸும் ஆடித் தூசியும்

2020 கடைசியில் மதுரை நத்தம் ரோட்டுப் பக்கம் குடிவந்தபோது மூன்று ஜன்னல்களுக்கு அலுமினிய வெனிஷியன் பிளைண்ட்ஸ் மாட்டினேன், குறுக்குப் பட்டைகளை நூலில் அடுக்கித் தொங்கவிட்ட திரை. கடையில் பார்த்த அழகில் மயங்கியதுதான். நாலடி உயரத்துக்கு எத்தனை பட்டை வரும் என்று அப்போது எண்ணத் தோன்றவில்லை. துடைக்கும்போது எண்ணினேன்: 58. இரண்டு பக்கமும் சேர்த்தால் 116.

எங்கள் தெருவுக்குத் தூசி இரண்டு வழியில் வந்தது. ஒன்று, தல்லாகுளத்திலிருந்து போகிற 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலத்தின் வேலை. 2023-இல் பாலம் திறந்தபிறகு அது அடங்கிவிட்டது. இன்னொன்று ஆடிக்காற்று. அதற்குத் திறப்பு விழா கிடையாது, வருடா வருடம் வரும்.

ஆரம்பத்தில் நேராக ஈரத்துணியை எடுத்ததுதான் நான் செய்த முதல் தப்பு. தூசியில் ஈரம் பட்டதும் சேறாகி, பட்டைகளைத் தாங்குகிற ஏணி நூலுக்குள் இறங்கிவிட்டது. பட்டை வெள்ளையாகிவிட்டது, நூல் இன்றும் காப்பிக் கறைதான்.

அடுத்தது இன்னும் மோசம். மொத்தத்தையும் கழற்றி மொட்டை மாடியில் சோப்பு போட்டு அலசி, வெயிலில் காயவைத்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. சாயங்காலம் பார்த்தால் ஒவ்வொரு பட்டையிலும் வெள்ளைப் புள்ளி. ஒரு மக் நல்ல தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வினிகர் கலந்து துடைத்த பிறகுதான் போனது. தூக்கும்போது இரண்டு பட்டை மடிந்தும் போயின. அலுமினியத்தில் மடிப்பு விழுந்தால் விழுந்ததுதான், நிமிர்த்தினாலும் கோடு தெரியும்.

"ஏப்பா, இதுக்கு என் பழைய சுங்குடிச் சேலையக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கலாம்ல?" என்றார் அம்மா.

இப்போது கழற்றுவதே இல்லை. பட்டைகளைச் சாய்க்கிற கோலைத் திருகி அவற்றை ஒரு பக்கமாக மூடி, பெயின்ட் அடிக்கிற இரண்டு இன்ச் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுகிறேன். கயிறு நுழைகிற ஓட்டையைச் சுற்றித்தான் தூசி பஞ்சு மாதிரி உருண்டு உட்கார்ந்திருக்கும், அங்கே பிரஷ் நுனியை வைத்துச் சுழற்ற வேண்டும். பிறகு மறுபக்கம் திருப்பி அதே வேலை. கடைசியாக, சப்பாத்தி திருப்புகிற இடுக்கியின் இரண்டு காலிலும் பழைய பனியன் துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்தோடு பட்டையைக் கவ்வி இழுத்தால் மேலும் கீழும் ஒரே இழுப்பில் சுத்தம். (இடுக்கி புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். அடுப்படியிலிருந்து எடுத்த முதல் நாள் வாங்கிய திட்டு போதும்.)

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் ஜன்னலுக்குப் பத்து நிமிடம். ஆடியில் வாரா வாரம். சோம்பலில் இரண்டு மாதம் விட்டால் முக்கால் மணி நேரம் பிடிக்கும், தும்மல் தனி.

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் இவை நன்றாகவே உழைக்கின்றன. சித்திரை வெயிலில் பட்டையைச் சாய்த்து வைத்தால் வெயில் தடைபடும், காற்று வரும். ஆனால் அடுப்படிக்கு மட்டும் வாங்காதீர்கள். தாளிப்பு எண்ணெய்ப் புகையில் தூசி பிசினாக ஒட்டிக்கொள்ளும், பிரஷ் வேலைக்காகாது. பாத்திர சோப்போடு இரண்டு வருடம் மல்லுக்கட்டிவிட்டுக் கழற்றிவிட்டேன். அந்த ஜன்னலில் இப்போது தொங்குவது அம்மாவின் சுங்குடிதான், மாதம் ஒருமுறை வாஷிங் மெஷினுக்குப் போய் வருகிறது.