அருஷாவா, கச்சாச்சாவா? ருவாண்டாவின் இரண்டு நீதிகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் ருவாண்டா பற்றிப் பேச்சு வந்தது. ஹூட்டு தீவிரவாதிகள் துட்சி மக்களைக் கொன்று குவித்த 1994 இனப்படுகொலைக்குப் பிறகு அங்கே இரண்டு வகை விசாரணை நடந்தது. ஒன்று, தான்சானியாவின் அருஷா நகரில் ஐ.நா. அமைத்த தீர்ப்பாயம். இன்னொன்று, ஊர்தோறும் கூடிய கச்சாச்சா மன்றங்கள். ஆளுக்கொரு பக்கம் எடுக்கச் சொன்னார்கள். நான் கச்சாச்சா பக்கம் நின்றேன். இப்போதும் அங்கேதான், கொஞ்சம் நெளிந்துகொண்டு.

அருஷாவின் பெருமை தெரிந்ததுதான். உலகில் இனப்படுகொலைக்காக ஒருவரைக் குற்றவாளி என்று அறிவித்த முதல் சர்வதேச நீதிமன்றம் அது. 1998இல், அகயேசு என்ற முன்னாள் ஊர்த்தலைவர் வழக்கில் வந்த அந்தத் தீர்ப்பு, வன்புணர்வும் இனப்படுகொலையின் ஆயுதமாகலாம் என்று நிறுவியது. நைரோபியில் பிடிபட்ட முன்னாள் பிரதமர் கம்பாண்டாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. எந்த ஊர்க்கூட்டமும் அவரை அங்கிருந்து இழுத்து வந்திருக்க முடியாது. ஆனால் தீர்ப்பாயம் மூடிய 2015 வரை குற்றம் சாட்டப்பட்டவர்கள் மொத்தம் 93 பேர்.

உள்நாட்டில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணை இல்லாமல் சிறையில் நெரிந்தார்கள். அதனால் வந்ததுதான் கச்சாச்சா: 2002இல் சோதனையாக, 2005 முதல் நாடு முழுக்க, சுமார் 12,000 மன்றங்கள். சட்டம் படிக்காத, ஊரார் தேர்ந்தெடுத்த நீதிபதிகள், சம்பளம் கிடையாது. 2012இல் முடியும்போது 19 லட்சம் வழக்குகளைத் தாண்டியிருந்தது.

எனக்கு எண்ணிக்கை முக்கியமில்லை. உடல் எங்கே என்ற கேள்விதான் என்னை அந்தப் பக்கம் சாய்த்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும். ஆனால் யாரோடு சேர்ந்து கொன்றாய், எங்கே போட்டாய் என்று சொல்லியாக வேண்டும். கிணறு, கழிவறைக் குழி, வாழைத் தோட்டம் என்று இடங்கள் வெளியே வந்தன. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துத் தோண்டி எடுத்து அடக்கம் செய்தார்கள். அருஷாவின் கேள்வி வேறு: யார் திட்டமிட்டார், யார் ஆணையிட்டார். அதற்கு விடை கிடைத்தாலும், தம்பியின் எலும்பைத் தேடும் அக்காவுக்கு அதில் ஒன்றும் இல்லை. கொன்றவன் பக்கத்து வீட்டுக்காரன். பதில் அவனிடம்தான் இருக்கிறது.

அப்புறம், நெளிவதற்கான காரணங்கள். வழக்கறிஞர் கிடையாது. பழைய பகைக்காகப் பொய்க்குற்றம் சாட்டியவர்களும் உண்டு. சாட்சி சொன்னதற்காகக் கொல்லப்பட்டவர்களும் உண்டு. 2008க்குப் பின் வன்புணர்வு வழக்குகளும் இங்கேயே வந்தன. மூடிய அறைதான், ஆனால் நீதிபதி தெரிந்த முகம். அந்த ஒரு வகை வழக்குக்கு மட்டும் நான் அருஷாவையே தேர்ந்தெடுப்பேன். மன்னிப்பு கேட்டவர்களும் கேட்கப்பட்டவர்களும் மனதளவில் எவ்வளவு நெருங்கினார்கள் என்பது வெளியிலிருந்து படிக்கும் என்னைப் போன்றவர்கள் அளக்கக்கூடியதல்ல.

அந்தப் போரில் வென்று ஆட்சியைப் பிடித்த ருவாண்டா தேசபக்த முன்னணியின் படையினர் செய்த கொலைகளைக் கச்சாச்சா தொடவே இல்லை. எங்கள் கூட்டத்தில் அருஷா பக்கம் நின்றவர்கள் இதைத்தான் பெரிய அடியாக எடுத்து வீசினார்கள். அந்தத் தரப்பில் ஒருவரையாவது அருஷா கூண்டில் ஏற்றியதா என்று திருப்பிக் கேட்டேன். இல்லை.