எண்ட் ஆஃப் லைஃப் டாட் டேட்: ஓசூர் விண்டோஸ் மெஷின்களுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

ஓசூர் சிப்காட் கம்பெனிகளுக்கு அளவெடுப்பு, லேபிள் பிரிண்டிங் சாஃப்ட்வேர் எழுதித் தருபவர்களுக்கு ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு கேள்வி வரும்: பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியின் எந்தப் பழைய வெர்ஷனை இனி விட்டுவிடலாம்? முதலில் பார்க்க வேண்டிய இடம் எண்ட் ஆஃப் லைஃப் டாட் டேட் (endoflife.date) என்ற இந்த இலவசத் தளம்தான். பைத்தான், பிஎச்பி, ஜாவா, உபுண்டு, விண்டோஸ் எல்லாவற்றுக்கும், எந்த வெர்ஷனுக்கு எப்போது சப்போர்ட் முடிகிறது என்று ஒரே மாதிரி அட்டவணை. லாகின் வேண்டாம். புரோகிராம் நேரடியாகப் படிக்கும்படி, ஏபிஐ வழியாக ஜேசன் வடிவிலும் எடுக்கலாம். ஆயுள் முடியப்போகும் வெர்ஷனில் பில்டை (சாஃப்ட்வேரை வெளியீட்டுக்குத் தயாரிக்கும் வேலையை) நிறுத்தும்படி பத்து வரியில் ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம்.

தேதிகளில் குறையில்லை. பைத்தான் 3.8 முடிந்தது 2024 அக்டோபரில், 3.9 முடிந்தது 2025 அக்டோபரில். சிக்கல், எந்தத் தேதியைப் பார்த்து முடிவெடுக்கிறோம் என்பதில்.

பைத்தான் 3.10-க்கு 2026 அக்டோபர் வரை செக்யூரிட்டி சப்போர்ட், அதாவது பாதுகாப்புத் திருத்தம் மட்டும், உண்டு. இதை நம்பி விண்டோஸ் கஸ்டமரிடம் "இன்னும் காலம் இருக்கிறது" என்று சொல்லிவிடக் கூடாது. எல்லாப் பிழைகளுக்கும் திருத்தம் வரும் ஆக்டிவ் சப்போர்ட் காலம் அதற்கு முன்பே முடிந்துவிடும்; அது முடிந்ததும் விண்டோஸ் இன்ஸ்டாலர் வருவது நின்றுவிடும். அதன்பின் வருவது வெறும் சோர்ஸ் கோடு, நாமே கம்பைல் செய்து ஓடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். 3.10-இன் கடைசி இன்ஸ்டாலர் 3.10.11, 2023 ஏப்ரலில் வந்தது. 3.11-க்கு 3.11.9, 2024 ஏப்ரல். லேத் பக்கத்து பிசியில் உட்கார்ந்து பைத்தானை யார் கம்பைல் செய்யப்போகிறார்கள்? விண்டோஸ் ஆட்களுக்கு ஆக்டிவ் காலம்தான் கணக்கு. 3.12 வரை அது சுமார் ஒன்றரை வருடம், 3.13 முதல் இரண்டு வருடம்.

லினக்ஸில் கதை தலைகீழ். உபுண்டு 22.04-இல் உள்ள 3.10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்களை உபுண்டுவே போடுகிறது. அதனால் அங்கே உபுண்டுவின் தேதியைப் பார்க்க வேண்டும், பைத்தானின் தேதியை அல்ல.

இந்தத் தளம் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: உங்கள் கஸ்டமரிடம் எந்த மெஷின் ஓடுகிறது என்பது. அளவெடுக்கும் மெஷினோடு வந்த டிரைவர் விண்டோஸ் 7-இல் மட்டும் ஓடும் என்றால், அந்த பிசிக்கு 3.8-தான் எல்லை, 3.9 அதில் ஏறாது. விண்டோஸ் 8.1-க்கு எல்லை 3.12. பைத்தான் தேதியையும் விண்டோஸ் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாமே கணக்குப் போட வேண்டும். ஒவ்வொரு பிசியின் விண்டோஸ் வெர்ஷன், பைத்தான் வெர்ஷன் இரண்டையும் ஒரு எக்செல் ஷீட்டில் எழுதி வைக்காதவர்களுக்கு இந்த அட்டவணை பாதிதான் பயன்படும். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு அக்டோபர் ஒரு வகையில் தோது. சீசன் முடிந்திருக்கும், லேபிள் பிரிண்டரைத் தொட்டால் யாரும் கத்த மாட்டார்கள்.

முடிவெடுத்த பின் வரும் வேலையில்தான் பலர் சறுக்குகிறார்கள். நாம் வெளியிடும் பேக்கேஜில், எந்தப் பைத்தான் வேண்டும் என்று சொல்லும் 'ரிக்வயர்ஸ்-பைத்தான்' வரியை 3.10 அல்லது அதற்கு மேல் என்று மாற்றினால், 3.8 மெஷினில் பிப் (பேக்கேஜ்களை இறக்கும் கருவி) புதியதைத் தாண்டிவிட்டு, தனக்குப் பொருந்தும் பழைய ரிலீஸை எடுத்துக்கொள்ளும். மெஷின் நிற்காது. உங்கள் பேக்கேஜின் 5.0 ரிலீஸில் இந்த வரியை மறந்து, 5.1-இல் சேர்த்தால் போச்சு: 3.8 மெஷின் 5.1-ஐ விட்டு 5.0-ஐ எடுத்து, 3.10-இல்தான் வந்த 'மேட்ச்' எழுதிய முதல் வரியிலேயே சின்டாக்ஸ் எரர் கொடுக்கும். 5.0-ஐ யாங்க் செய்தே (பிப் தானாக எடுக்காதபடி குறியிட்டே) ஆக வேண்டும். அப்போதும் வெர்ஷன் எண்ணை இரட்டைச் சமக்குறி (==) போட்டுக் கட்டி வைத்தவர்களுக்கு அது போய்க்கொண்டுதான் இருக்கும். அவர்களுக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டியதுதான். அதே வரியில் "3.13-க்குக் கீழே" என்று மேல் எல்லை போடவே கூடாது. புதிய பைத்தான் வைத்திருப்பவருக்கு, எல்லை போடாத ஏதோ ஒரு பழைய ரிலீஸ் சத்தமில்லாமல் இறங்கிவிடும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். இன்ஸ்டாலர் நிற்கும் தேதியை அட்டவணையில் தனி நெடுவரிசையாகக் காட்டினால் ஐந்து.