ஸ்டாப்வாட்சா, இடுப்புக் கயிறா, வீடியோவா?

கோபிப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில், முதுகில் காய்ந்த சுரைக்காயைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகிய பையன் ஒருவன் என்னிடம் பயிற்சிக்கு வருகிறான். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் (தவளை மாதிரி நீந்துவது) நல்ல பலம். ஆனால் மாதக்கணக்கில் நேரம் குறையவே இல்லை. "ஏனுங்க சார், எங்கீங்க மாட்டுது?" என்று அவன் அப்பா கேட்டார்.

ஸ்டாப்வாட்ச் அதைச் சொல்லாது. 25 மீட்டருக்கு எத்தனை நொடி என்பதோடு அதன் வேலை முடிந்தது. பிரெஸ்டில் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் வேகம் ஏறி இறங்கும். காலை மடக்கும்போது தொடை தண்ணீருக்குக் குறுக்கே வந்து ஆளையே நிறுத்தப் பார்க்கும். சராசரியில் இதெல்லாம் மறைந்துபோகும்.

இடுப்புப் பட்டையில் மெல்லிய கயிறு, கரையில் உருளை. கயிறு உருவிப் போகும் வேகம்தான் ஆளின் வேகம். துல்லியத்தில் இதுதான் முதல். ஆனால் விலை அதிகம், லேசாகப் பின்னால் இழுக்கும், சுவரில் திரும்புவதை அளக்க முடியாது.

வீடியோவுக்கு டிராக்கர், கினோவியா என்று இலவச மென்பொருள்களே இருக்கின்றன. கரையிலிருந்து எடுத்தால் பிரெஸ்டில் தலைதான் தெரியும்; கேமராவைத் தண்ணீருக்குள் இறக்கி, இடுப்பில் ஒட்டிய டேப்பைத் தொடர வேண்டும். படத்தில் தெரியும் தூரத்தை மீட்டராக மாற்ற உதவும் அளவுகோலை, நீந்தும் கோட்டிலேயே வைத்துப் படம் எடுங்கள். ஆள் கேமராவிலிருந்து 10 மீட்டர் தள்ளிப் போக, 9 மீட்டரில் இருக்கும் லேன் கயிற்றை வைத்து அளந்தால் வேகம் பத்து சதவீதம் குறைவாக வரும்.

நொடிக்கு எடுக்கும் பிரேம் (வீடியோவின் தனித்தனிப் படம்) கூடினால் துல்லியமும் கூடும் என்று நானும் நினைத்திருந்தேன். நொடிக்கு 1.5 மீட்டர் போகிறவன் 60 பிரேமில் ஒரு பிரேமுக்கு 2.5 செ.மீ. தான் நகர்வான். டேப்பின் மேல் வைக்கும் குறி ஒரு செ.மீ. பிசகினால் அங்கே வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் தப்பும். 120 பிரேமில் 1.2. ஆகவே பல பிரேம்களைச் சேர்த்துச் சமன்செய்தே ஆக வேண்டும். அப்போது உச்சமும் பள்ளமும் கொஞ்சம் மழுங்கும். அப்புறம், இடுப்பின் வேகம் முழு உடம்பின் வேகம் ஆகாது. ஏற்ற இறக்கத்தைக் கூட்டிக் காட்டும். கயிற்றுக்கும் இதே குறைதான்.

இருந்தாலும் என் ஓட்டு வீடியோவுக்கே. அதே பையன், அதே கேமரா, அதே இடம் என்றால் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடலாம். வேகத்தின் வளைகோடு எங்கே விழுகிறதோ, அந்த நொடியில் உடம்பு எப்படி இருந்தது என்பதும் கண்முன் நிற்கும். அப்பாவிடம் அந்தப் பிரேமை நிறுத்திக் காட்டினேன். முழங்கால் இரண்டும் வயிற்றுக்கடியில் வந்திருந்தன. அடுத்த நாலைந்து பிரேமுக்கு அந்தக் கறுப்பு டேப் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.