கன்டெய்னர் யார்டு மென்பொருள்: விதி நிரலில் இருக்கட்டுமா, டேட்டாபேஸிலா?

சென்னையின் திருவொற்றியூர், மணலி பக்கத்தில் கன்டெய்னர்களை நிறுத்திவைக்கும் யார்டு ஒன்றுக்கு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே நிற்கும் கன்டெய்னர் மறுபடியும் உள்ளே வந்ததாகப் பதிவாகக் கூடாது. இந்த விதியை எங்கே எழுதுவது?

நிரலில் எழுதும் வழி எல்லோரும் அறிந்தது: முதலில் தேடு, இல்லையென்றால் சேர். ஒருவர் மட்டும் பதிவு செய்யும்வரை இது சரியாகவே ஓடும். கேட்டில் எழுத்தர் எண்ணை அடிக்கிற அதே நொடியில், அலுவலகத்தில் இன்னொருவர் எக்செல் பட்டியலை ஏற்றினால்? முதல் பதிவு கமிட் ஆகும்வரை (உறுதியாகச் சேமிக்கப்படும்வரை) இரண்டாமவரின் தேடலுக்கு அது தெரியாது. இரண்டும் சேர்ந்துவிடும், வாடகை இரண்டு முறை பில்லாகும். தனியாக உட்கார்ந்து சோதிக்கும்போது இந்தப் பிழை தலைகாட்டாது. எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசைகட்டும் நேரத்தில்தான் வரும்.

டேட்டாபேஸின் தனித்துவக் கட்டுப்பாட்டில், அதாவது ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் விதியில், அந்த இடைவெளியே இல்லை. இரண்டாவது பதிவு முதலாவதின் முடிவுக்குக் காத்திருந்து, அது கமிட் ஆனதும் மறுக்கப்படும். ஆனால் கன்டெய்னர் எண்ணுக்கு நேரடியாகக் கட்டுப்பாடு போட்டுவிடாதீர்கள். அதே பெட்டி அடுத்த மாதம் திரும்பி வரும். ‘வெளியேறிய நேரம்’ காலியாக உள்ள வரிசைகளுக்கு (பதிவுகளுக்கு) மட்டும், இந்தத் தடையைச் செய்யும் தனித்துவ இன்டெக்ஸ் வைக்க போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இடம் தருகிறது. யார்டின் நடைமுறையை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறு வழி எனக்குத் தெரியாது.

நிரல் வெல்லும் இடமும் உண்டு. ஐஎஸ்ஓ 6346 என்ற சர்வதேசத் தரத்தின்படி கன்டெய்னர் எண் 4 எழுத்து, 6 இலக்கம், கடைசியில் அவற்றிலிருந்து கணக்கிடப்படும் ஒரு சரிபார்ப்பு இலக்கம் என 11 குறிகள் கொண்டது. தவறாக அடித்த எண்ணைத் திரையிலேயே கணக்கிட்டுக் காட்டிவிடலாம். அதற்கு சர்வர்வரை போக வேண்டியதில்லை.

கட்டுப்பாடுகளைப் பலர் தவிர்ப்பது அவற்றின் பிழைச்செய்திக்கு அஞ்சித்தான். மீறல் நடந்தால் போஸ்ட்கிரெஸ் 23505 என்றும், மைஎஸ்க்யூஎல் 1062 என்றும், ஆரக்கிள் ஓஆர்ஏ-00001 என்றும் சொல்லும். அதை அப்படியே எழுத்தரிடம் காட்டுவது கொடுமை. ‘பதிவு தோல்வி’ என்று மட்டும் சொன்னாலும் பயனில்லை. அவர் அதே பொத்தானை மறுபடியும் அழுத்துவார். செய்தியின் வாசகத்தை நம்பி நிரல் எழுத வேண்டாம். சர்வரின் மொழி அமைப்பு மாறினால் வாசகமும் மாறும். பிழை எண்ணையும் கட்டுப்பாட்டின் பெயரையும் பிடியுங்கள். அந்தப் பெயரை நீங்களே சூட்டுங்கள். அப்போதுதான், ‘இந்தக் கன்டெய்னர் யார்டில் இருப்பதாகப் பதிவு உள்ளது, வெளியேற்றம் விட்டுப்போனதா எனப் பாருங்கள்’ என்று எழுத்தருக்கு உதவும் செய்தியைத் தர முடியும். அடையாளம் தெரியாத பிழையை மட்டும் விழுங்கிவிடாதீர்கள்; மென்பொருளின் பிழைப் பதிவேட்டில் எழுதி மேலே அனுப்புங்கள்.

இன்னொன்று: போஸ்ட்கிரெஸில் ஒரு மீறல் நடந்தால் அந்தப் பரிவர்த்தனை (ஒன்றாகவே நிறைவேற வேண்டிய வேலைகளின் தொகுப்பு) முழுவதும் முடங்கும். பட்டியலை ஒரே பரிவர்த்தனையில் ஏற்றும்போது ஒவ்வொரு வரிசைக்கும் முன் சேவ்பாயின்ட் (பிழை வந்தால் அந்த இடம்வரை மட்டும் பின்வாங்க உதவும் குறி) வையுங்கள். மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை: 8.0.16க்கு முந்தைய பதிப்புகள் ‘செக்’ கட்டுப்பாட்டை (மதிப்பு ஒரு நிபந்தனைக்குப் பொருந்துகிறதா எனப் பார்க்கும் விதியை) ஏற்றுக்கொள்வதுபோல் காட்டி, செயல்படுத்தாமல் விட்டுவிடும்.

என் தீர்ப்பு: இரண்டும் வேண்டும். திரைச் சரிபார்ப்பு எழுத்தரின் நேரத்தைக் காக்கிறது, கட்டுப்பாடு கணக்கைக் காக்கிறது. ஒன்றுதான் முடியும் என்றால் தயங்காமல் டேட்டாபேஸைத் தேர்ந்தெடுப்பேன். நாளை கைபேசிச் செயலி வந்தாலும், யாராவது நேரடியாக வினவல் எழுதினாலும், அந்த விதி அங்கேயே நிற்கும்.

ஏற்கெனவே ஓடும் அமைப்பில் தொடங்குகிறவர்கள் முதலில் இரட்டைப் பதிவுகளைத் தேடி எடுங்கள். அவை இருக்கும்வரை தனித்துவ இன்டெக்ஸை உருவாக்க முடியாது. எந்த வரிசை உண்மை என்பதை நிரலாளர் ஊகிக்கக் கூடாது. கேட் பாஸ் தாள்களோடு யார்டு மேற்பார்வையாளரை உட்காரவைத்து, ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டும்.