கொக்கி வீடு திரும்ப வேண்டுமா?

1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா சோவியத்தின் சல்யூட் 7 விண்வெளி நிலையத்துக்குப் போனது சோயுஸ் டி-11 கலத்தில், திரும்பியது சோயுஸ் டி-10 கலத்தில். நிலையத்தோடு மாட்டிக்கொள்ள உதவிய இரண்டு கலங்களின் இணைப்புக் கருவிகளும் பிற்பாடு வளிமண்டலத்தில் எரிந்துபோயின. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போன அமெரிக்க டிராகன் கலத்தின் இணைப்பு வளையம் அப்படிப் போகவில்லை. ஜூலை 15 அன்று அவரோடு சேர்ந்தே பசிபிக் கடலில் வந்து இறங்கியது.

இந்த வித்தியாசத்தை யோசிக்க வைத்தவர் என் மாமா. 2024 டிசம்பர் 30, இரவு 10 மணி. திருவொற்றியூர் வீட்டு மொட்டை மாடியில் வடக்கே பார்த்து நின்றிருந்தோம். ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர்தான். பி.எஸ்.எல்.வி.-சி60 ராக்கெட் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களைத் தூக்கிக்கொண்டு ஆரஞ்சு வெளிச்சமாக ஏறியது. மேலே போய் இரண்டும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் என்று சொன்னேன்.

"மாட்டினப்புறம் அந்தக் கொக்கி என்னடா ஆகும்? திரும்ப எடுத்துப்பாங்களா, காயலாங்கடைக்கா?"

"காயலாங்கடைக்குக்கூட கிடைக்காது மாமா. அங்கேயே சுத்தி, கடைசியில எரிஞ்சு போயிடும்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் டிரெய்லர்களோடு முப்பது வருடம் கழித்தவர். நல்ல இரும்பை ஒருமுறை மாட்டிவிட்டுத் தூக்கிப் போடுவது அவருக்குப் பாவம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மனிதர் போகும் கலங்களின் கதையைப் படிக்கப் படிக்க, கேள்வி சிக்கனமா ஊதாரித்தனமா என்பதே அல்ல என்று பட்டது.

இரண்டு வகைக் கொக்கி

டிரெய்லரை இழுக்கும் லாரி பின்னால் வந்து சொருகுவதைப் பார்த்திருப்பீர்கள். டிரெய்லரின் அடியில் கிங் பின், லாரியின் முதுகில் வாய் பிளந்த தட்டு. பின் கொஞ்சம் விலகி வந்தாலும் அந்த வாயின் சரிவு அதை நடுவுக்குத் தள்ளிப் பூட்டிவிடும். சோயுஸ் கலத்தின் ஏற்பாடும் இந்தச் சாதிதான். கலத்தின் மூக்கில் ஒரு தண்டு, நிலையத்தில் ஒரு கூம்பு. தண்டின் முனை கூம்பின் சரிவில் வழுக்கி அடிக்குழியில் சிக்கும். பிறகு தண்டு உள்ளே இழுத்துக்கொள்ள, இரண்டு விளிம்புகளும் ஒட்டிக் கொக்கிகள் பூட்டும்.

இன்னொரு வகைக்கு ரயில் பெட்டிதான் உவமை. பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். சி.பி.சி. கப்ளிங்கில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கைதான், எந்தப் பெட்டியையும் எந்தப் பெட்டியோடும் மாட்டலாம். அமெரிக்கக் கலமும் சோவியத் கலமும் மேலே மாட்டிக்கொண்ட 1975 அப்பல்லோ-சோயுஸ் சந்திப்புக்காக சோவியத் பொறியாளர் விளாதிமிர் சிரோம்யாத்னிகோவ் குழு உருவாக்கியது இந்த எண்ணத்தில்தான். "நீ ஆண், நான் பெண்" என்று இரண்டு வல்லரசுகளும் வாதாடாமல் இருக்க அது ஒரு வசதியும்கூட. இன்றைய அமெரிக்கக் கலங்களான டிராகன், ஸ்டார்லைனர் இரண்டின் வளையங்களும் அதன் வாரிசுகள். நடுவில் தண்டு இல்லை, எல்லாம் ஓரத்தில். வழி திறந்தே கிடக்கும்.

வளையத்தைத் திரும்பக் கொண்டுவர முடிகிறதா என்பது இந்த வகையைப் பொறுத்ததல்ல. சீனாவின் ஷென்சோவிலும் ஓர வளையம்தான், ஆனால் அது எரிந்துபோகிறது. கருவி கலத்தின் எந்தத் துண்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

வீசிவிடும் கட்சி

சோயுஸில் மூன்று துண்டுகள். முன்னால் உருண்டையான சுற்றுப்பாதைக் கூடம், நடுவில் ஆட்கள் இறங்கும் கூடம், பின்னால் இயந்திரக் கூடம். நடுத்துண்டு மட்டும்தான் வீடு திரும்பும். இணைப்புத் தண்டு முன்துண்டில் இருப்பதால் அதோடு போய்விடும். ஷென்சோவும் இதே கணக்குதான்.

கேட்பதற்கு வீண் செலவு மாதிரி இருக்கிறது. ஆனால் சுமார் 7 டன் கலத்தில் கீழே வருவது 3 டன்னுக்கும் குறைவு. கீழே கொண்டுவரும் ஒவ்வொரு கிலோவுக்கும் வெப்பக் கவசம் வேண்டும், பாராசூட் வேண்டும். சோயுஸ் ஒரே ஒரு பெரிய பாராசூட்டில் இறங்கிவிடுகிறது, கூடவே ஒரு மாற்று. டிராகனுக்கு நான்கு தேவைப்படுகின்றன. மேலே மட்டும் பயன்படும் பொருளை மேலேயே விட்டுவிடு என்பது கஞ்சனின் புத்தி. நான் முதலில் நினைத்ததற்கு நேர் எதிர்.

இன்னொரு லாபத்தை ரொம்பப் பேர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதுத் தண்டு, புது ரப்பர். "போன தடவை இது எப்படி அடி வாங்கியது" என்று யாரும் ஃபைல் புரட்ட வேண்டியதில்லை. மாமா பாஷையில் சொன்னால் கண்டெய்னர் கதவில் போடும் பாட்டில் சீல் மாதிரி. வெட்டினால் வெட்டியதுதான். பழைய சீலை ஒட்டவைத்துப் போட்டால் எவனும் நம்ப மாட்டான்.

வீசுவதில் ஆபத்தும் உண்டு. வீசிய பிறகு மனம் மாற முடியாது. 1988 செப்டம்பரில் சோயுஸ் டி.எம்.-5 கலத்தில் விளாதிமிர் லியாகோவும் ஆப்கானிஸ்தானின் அப்துல் அகாத் மொமாந்தும் சோவியத்தின் மீர் நிலையத்திலிருந்து கிளம்பினார்கள். அப்போதெல்லாம் வேகம் குறைக்கும் இயந்திரத்தை எரிப்பதற்கு முன்பே முன்துண்டைக் கழற்றிவிடுவார்கள், எரிபொருள் மிச்சமாகும் என்று. அன்றைக்கு இயந்திரம் சரியாக எரியவில்லை. முன்துண்டு போயாயிற்று. அதோடு இணைப்புத் தண்டும் போயிற்று, கழிப்பறையும் போயிற்று. மீருக்குத் திரும்பிப் போய் மாட்டிக்கொள்ள வழியே இல்லாமல், கால் நீட்ட முடியாத அந்த இறங்கும் கூடத்துக்குள் இருவரும் ஏறக்குறைய ஒரு நாள் கிடந்து மறுநாள் பத்திரமாக இறங்கினார்கள். அதற்குப் பிறகு வரிசையை மாற்றினார்கள்: முதலில் இயந்திரம், அப்புறம்தான் கழற்றல். எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை என்று.

திரும்பக் கொண்டுவரும் கட்சி

டிராகனில் வளையம் ஆட்கள் உட்காரும் கூண்டின் மூக்கிலேயே இருக்கிறது. அதன் மேல் கீல் போட்ட மூடி. மேலே போனதும் மூடி திறக்கும், திரும்பும்போது மூடிக்கொள்ளும், வளையம் சூட்டிலிருந்து தப்பிக்கும். ஸ்டார்லைனரிலும் 2022 மே மாத ஆளில்லாச் சோதனையில் இப்படியொரு பாதுகாப்பு மூடி சேர்த்தார்கள். டிராகனும் எல்லாவற்றையும் கொண்டுவருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சூரியத் தகடுகள் உள்ள பின்பகுதியை அதுவும் வீசிவிடுகிறது.

இதில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. டிராகன் கீழிறங்க எரிக்கும் உந்திகளும் அந்த மூடிக்குள்தான் இருக்கின்றன. ஆகவே உந்தி எரிந்து முடிந்த பிறகுதான் மூடியை மூட முடியும். அந்த நேரத்தில் கலம் ஏற்கெனவே விழத் தொடங்கியிருக்கும், திரும்பிப் போக இடமில்லை. வளையத்தைக் காப்பாற்றப் போய், கட்டாயம் மூடியே ஆக வேண்டிய ஒரு கதவைச் சேர்த்துக்கொண்டார்கள். சோயுஸுக்கு அந்தக் கவலை இல்லை. அதற்கு வெடித்துப் பிரியும் போல்ட் வேலை செய்தாக வேண்டும் என்ற கவலை. ஆளுக்கொரு தலைவலி.

அடுத்தது உப்பு. காசிமேட்டுப் பக்கம் பைக் நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடல் காற்றே இரும்பைத் தின்னும், டிராகன் இறங்குவது கடலிலேயே. கழுவி, பிரித்து, சோதித்து, தேவையானதை மாற்றி மறுபடி பூட்ட வேண்டும். மறுபயன்பாட்டில் மிச்சமாகும் காசின் ஒரு பங்கு இந்தப் பட்டறையிலேயே கரைந்துவிடும்.

என்றாலும் கலங்கள் திரும்பத் திரும்பப் போகின்றன. எண்டெவர் என்ற டிராகன் கூண்டு 2020 மே மாதம் முதல் முறை போனது. 2025 ஆகஸ்டில் 6-வது முறை. அதன் 4-வது பயணத்தில், 2023 மார்ச்சில், நிலையத்துக்கு வெறும் 20 மீட்டர் முன்னால் நிறுத்தி வைத்தார்கள். வளையத்தில் உள்ள 12 கொக்கிகளில் ஒன்றின் உணரி சரியான தகவல் தரவில்லை. கொக்கி நன்றாகத்தான் இருந்தது, சொல்லும் வாய்தான் குழறியது. மென்பொருளில் ஒரு மாற்றம் செய்து பிறகு மாட்டினார்கள். பழைய வளையம் என்பதால்தான் இப்படி என்று இதை வைத்து வாதாட நான் தயாரில்லை. அதற்கு முந்தைய மே மாதம் புத்தம் புது ஸ்டார்லைனரும்தான் வளையத்தை ஒருமுறை உள்ளிழுத்து மறுபடி நீட்டிய பிறகே மாட்டியது.

ரெசிலியன்ஸ் என்ற டிராகன் இன்னும் வேடிக்கை. 2020 நவம்பரில் நிலையத்தோடு மாட்டிய கலம் அது. 2021 செப்டம்பர் பயணத்தில் நிலையத்துக்கே போகப் போவதில்லை என்பதால் வளையத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் கண்ணாடிக் குமிழ் மாட்டினார்கள். வீட்டுக்கு வந்த பொருளில்தான் இப்படி விளையாட முடியும்.

இரண்டுக்கும் நடுவில்

அமெரிக்காவின் ஷட்டில் விண்கலம் இணைப்புக் கருவியைச் சரக்கு அறைக்குள் வைத்தே தூக்கிப் போய்த் தூக்கி வந்தது. அட்லாண்டிஸ் என்ற ஷட்டில் மட்டும் மீருக்கு 7 முறை போயிற்று. சூடு, உப்பு எதுவும் கருவியைத் தொடாது. விலை: சரக்கு வைக்க வேண்டிய இடத்தைக் கொக்கி பிடித்துக்கொள்ளும்.

ரஷ்யர்கள் ஒரு நடுவழியும் வைத்திருந்தார்கள். நிலையத்தைத் தேடி நெருங்க உதவும் குர்ஸ் ரேடார் அமைப்பின் மின்னணுப் பெட்டிகளை, எரியப்போகும் கலத்திலிருந்து வீரர்களே கழற்றி எடுப்பார்கள். ஷட்டில் வந்தால் அதில் ஏற்றிப் பூமிக்கு அனுப்பி இன்னொரு கலத்தில் பொருத்துவார்கள். உடம்பை எரித்துவிட்டு மூளையை மட்டும் எடுத்துக்கொள்கிற மாதிரி. 2011 ஜூலையோடு ஷட்டில் நின்றதும் அந்தச் சரக்கு வண்டியும் நின்றுபோனது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அப்பல்லோ 14 கதை. 1971-ல் நிலவுக்குப் போகும் வழியில் தாய்க்கலத்தின் தண்டு நிலவுக்கலத்தின் கூம்பில் சிக்கவில்லை. ஒருமுறை அல்ல, ஐந்து முறை. தாய்க்கலத்தை ஓட்டிய ஸ்டூவர்ட் ரூசா ஆறாவது முறை மாட்டினார். வழக்கமாக அந்தத் தண்டை வேலை முடிந்ததும் நிலவுக்கலத்தோடு விட்டுவிடுவார்கள். இந்த முறை அதை அவிழ்த்துக் கூண்டுக்குள் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பூமியில் சோதித்தால் நன்றாகவே இயங்கியது. ஏதோ துணுக்கு சிக்கியிருக்கலாம் என்றுதான் நினைக்க முடிந்தது. ஒழுங்காக மாட்டிய தண்டுகளையெல்லாம் விட்டுவிட்டு, மாட்ட மறுத்த ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார்கள். அதில் காசு மிச்சம் பிடிக்கும் எண்ணமே இல்லை. கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்பதுதான்.

நிலையத்துப் பக்கம்

வரும் கலம் புதுசோ பழசோ, எதிரே இருக்கும் நிலையத்து வாய் எப்போதுமே பழசுதான். 2001 நவம்பரில் புரோகிரஸ் எம்1-7 சரக்குக்கலம் சரியாக இறுகவில்லை. டிசம்பர் 3 அன்று நிலையத்தில் இருந்த ரஷ்ய வீரர்கள் தெசுரோவும் தியூரினும் வெளியே போய்ப் பார்த்தபோது, முன்பு வந்துபோன சரக்குக்கலம் விட்டுச்சென்ற ரப்பர் வளையம் ஒன்று இடையில் கிடந்தது. வெட்டி எடுத்த பிறகுதான் கலம் இறுகியது. வீசிவிடும் கட்சியின் "ஒவ்வொரு முறையும் புதுசு" என்ற பெருமை பாதி உண்மைதான் என்று எனக்குப் பட்டது இந்தக் கதையைப் படித்தபோது.

என் ஓட்டு

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் ஒரு யார்டில் பார்த்ததைச் சொன்னார். டிரெய்லர் மூலையில் கண்டெய்னரைப் பூட்டும் ட்விஸ்ட் லாக் தேய்ந்து போயிருக்கிறது. மாற்றாமல் மஞ்சள் பெயிண்ட் அடித்து மறுபடி போட்டிருக்கிறார்கள். திருப்பத்தில் கண்டெய்னர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது, நல்லவேளை கவிழவில்லை. "திரும்ப யூஸ் பண்றது தப்பில்லடா. பாக்காம யூஸ் பண்றான் பாரு, அவன்தான் தப்பு."

சரி, இந்தியாவுக்கு எது? ஸ்பேடெக்ஸ் கலங்கள் 2025 ஜனவரி 16 அன்று, நாம் காணும் பொங்கலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலையில் மாட்டிக்கொண்டன. மார்ச் 13-ல் பிரிந்தன. ஏப்ரல் 20-ல் மறுபடி மாட்டின. ஒரே கொக்கி, இரண்டு பூட்டு. 450 மில்லிமீட்டர் வளையம், இரண்டே மோட்டார். மனிதர் போகும் கலங்களுக்கான பன்னாட்டுத் தர வளையம் 800 மில்லிமீட்டர், 24 மோட்டார். நம்முடையது ஓர வளைய வகைதான், சின்னது.

2035-க்குள் சொந்த நிலையம் என்பது அறிவித்த இலக்கு. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ கலம்தான் போகும் என்றால், வீசிவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கழுவிச் சோதிக்கும் பட்டறையை வருடத்துக்கு ஒரு வளையத்துக்காக நடத்துவது, ஒரே ஒரு டிரெய்லர் வைத்துக்கொண்டு மெக்கானிக் ஷெட் போடுகிற கதை. போக்குவரத்து மாதாமாதம் என்று ஆகும்போது மூக்கில் மூடி போட்டுக் கொண்டுவரலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று கலங்களின் கருவியையாவது, பாரமானாலும், எப்படியாவது கீழே கொண்டுவந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. திரும்பப் பயன்படுத்த அல்ல. எந்தக் கொக்கி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்க.

மாமாவுக்கு இதில் பாதிதான் சம்மதம். பார்த்து முடித்ததும் அந்த வளையத்தை என்ன செய்வார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.