கேரவனில் போர்க்களம் பார்க்கலாம் என்று நீலகிரிக்குப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு

கோவைப் பக்கம் கேரவன் வாடகைக்கு விடும் ஒரு குழு, திப்பு சுல்தான் போர்க்களப் பயணம் என்று நீலகிரிக்கு ஒரு பேக்கேஜ் விற்கிறது. குன்னூர் பக்காசூரன் மலைக் கோட்டை, டணாய்க்கன்கோட்டை, கெஜலட்டி கணவாய்க் காட்டுக்குள் ஓர் இரவு, மூன்றும் வண்டியிலேயே போய் வரலாம் என்கிறார்கள். இந்த மூன்றில் ஒன்றுகூட அவர்கள் சொல்கிறபடி நடக்காது. 38,000 ரூபாய் பேசி, வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நாங்கள் பட்ட பாட்டை வேறு யாரும் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பா அரசுப் பள்ளியில் வரலாறு எடுத்தவர். 1790 செப்டம்பரில் திப்பு கெஜலட்டி கணவாய் வழியாக இறங்கி வந்து, சத்தியமங்கலத்தில் கர்னல் ஃபிளாய்டின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மேல் பாய்ந்த கதையை எங்கள் வீட்டில் சோற்றோடு ஊட்டியிருக்கிறார். ஃபிளாய்ட் பீரங்கிகள் சிலவற்றைப் போட்டுவிட்டுக் கோவைப் பக்கம் பின்வாங்க வேண்டியதாயிற்று. மூன்றாம் மைசூர்ப் போரின் ஆரம்பத்திலேயே கம்பெனிக்கு விழுந்த அடி அது. அந்த இடங்களை ஒரு தடவையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. முழங்கால் தேய்மானம் என்பதால் பஸ் மாறி மாறிப் போக முடியாது. படுக்கையும் கழிப்பறையும் வண்டியிலேயே இருக்கிறது என்று விளம்பரத்தில் பார்த்ததும், இவருக்காகவே செய்ததுபோல இருந்தது. ஜிபேயில் 20,000 அட்வான்ஸ், அதற்கு மேல் 10,000 டெபாசிட்.

மேட்டுப்பாளையத்தில் வந்து நின்றது விளம்பரப் படத்தில் இருந்த வண்டி இல்லை. பழைய டெம்போ டிராவலர் ஒன்றில் சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் அடித்திருந்தார்கள். நம்பர் பிளேட் வெள்ளை. கல்லாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் டிரைவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "அண்ணா, பர்லியார் செக்போஸ்ட்ல கேட்டா நான் உங்க பெரியப்பா பையன்னு சொல்லிருங்க. வாடகைன்னு மட்டும் சொல்லிராதீங்க."

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏன் தம்பி, நாங்க எதுக்குப் பொய் சொல்லணும்?" என்று கேட்டார். பதில் இல்லை. நீலகிரிக்குள் போக எடுத்த இ-பாஸும் சொந்த வண்டி என்று சொல்லித்தான் எடுத்திருக்கிறார்கள், அதுவும் என் பெயரில்.

இது சின்ன விஷயம் இல்லை. டிரைவரோடு வாடகைக்கு வரும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். நாமே ஓட்டுகிற வாடகை வண்டி என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டி, கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஆகிவிட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அதையே காரணம் காட்டிக் கை விரித்துவிடலாம். உள்ளே இருக்கும் பயணிக்கு என்ன கதி? பெட்டியும் கட்டிலும் அடித்து மாற்றிய வண்டி என்றால், அந்த மாற்றம் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றில் ஏறியிருக்க வேண்டும். அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் வண்டி வகை, எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாம் வந்துவிடும். அட்வான்ஸ் கேட்கும்போதே வண்டி எண்ணைக் கேளுங்கள். "எந்த வண்டி ஃப்ரீயோ அது வரும்" என்று எங்களிடம் சொன்னார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

வண்டிக்குள் என்னைப் பயமுறுத்தியது கேஸ். அம்மா படுக்க வேண்டிய கட்டிலுக்கு அடியில் வீட்டு உபயோகத்துச் சிவப்பு சிலிண்டர், நைலான் கயிற்றால் கட்டில் காலோடு கட்டியிருந்தது. டியூப் வெடித்து வெளுத்துப் போயிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் சிலிண்டர் நகர்ந்து தகரத்தில் இடிக்கும் சத்தம். பக்கத்து ஜன்னல் திறக்கவில்லை, திருகாணி போட்டு மூடியிருந்தார்கள். ராத்திரி குளிருக்கு அடுப்பைச் சிம்மில் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த டிரைவர் சாதாரணமாகச் சொன்னார். மலையில் குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் வந்திருக்கின்றன. கேஸ் அடுப்பானாலும் மூடிய இடத்தில் அதே கார்பன் மோனாக்சைடு ஆபத்துதான். வாசனையே இல்லாததால் தூக்கத்தில் தெரியாது. நான் ரெகுலேட்டரைக் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டேன்.

பக்காசூரன் மலையில் கோட்டை வரைக்கும் வண்டி போகும் என்றார்களே, போகாது. தேயிலைத் தோட்டத்தோடு வண்டிப் பாதை முடிந்துவிடும். அப்புறம் நடந்துதான் ஏற வேண்டும், மேலே மிஞ்சியிருப்பதும் இடிந்த சுவர்தான். அப்பா கீழேயே உட்கார்ந்துவிட்டார். "இங்கேதான் சார் பெரிய சண்டை நடந்துச்சு" என்று டிரைவர் கைகாட்டினார். அப்பா பொறுமையாக, "இது காவல் கோட்டை தம்பி, சண்டை நடந்தது கீழே சத்தியமங்கலத்துல" என்று திருத்தினார். கைடு ஒருவர் கூட வருவார் என்று சொல்லித்தான் பணம் வாங்கியிருந்தார்கள். வரவே இல்லை.

கோத்தகிரிக்கு முன்னால் ஓர் ஓடைப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டி, கழிப்பறைத் தொட்டியின் வால்வைத் திறக்கக் குனிந்தார் டிரைவர். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கூடையோடு ஓடி வந்து, "கீழ ஊர்ல இந்தத் தண்ணியத்தான் குடிக்கிறாங்க, எடு வண்டிய!" என்று கத்தினார். நாங்களும் வால்வைத் தொட விடவில்லை. அந்தத் தொட்டி நிரம்பியபடியேதான் மிச்சப் பயணம் முழுவதும் வந்தது, நாற்றத்தோடு. ராத்திரி தங்க இடமும் ஏற்பாடு செய்யவில்லை. சாலையோரம் நிறுத்தினால் யானை, காட்டெருமை வரும் என்று ரோந்து போலீஸ் கிளப்பிவிட, ஒரு பெட்ரோல் பங்க்கில் கெஞ்சி இடம் வாங்கினோம்.

மலை இறங்கி சிறுமுகை வழியாக பவானிசாகர் போனதும் மிச்சமும் வெளுத்தது. டணாய்க்கன்கோட்டை அணைத் தண்ணீருக்குள் இருக்கிறது. 1955-ல் அணை முடிந்ததிலிருந்து அப்படித்தான். நீர்மட்டம் மிகவும் இறங்கும் வருடங்களில் பழைய மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தெரியும், அவ்வளவுதான். நீருக்குள் இருக்கும் கோட்டையைச் சுற்றிக்காட்டுவதாகப் பணம் வாங்கியிருக்கிறார்கள்! கெஜலட்டிப் பக்கம் புலிகள் காப்பகம். காராச்சிக்கொரை சோதனைச் சாவடியில் வனத்துறைக்காரர் அனுமதிக் கடிதம் கேட்டார், டிரைவரிடம் ஒன்றும் இல்லை. அனுமதி இல்லாமல் காட்டுக்குள் ராத்திரி தங்கினால் வழக்கு உங்கள் மேலும்தான் வரும் என்று எங்களிடமே சொன்னார். அவர் திருப்பி அனுப்பியது எங்களுக்கு நல்லதாயிற்று.

டெபாசிட் திரும்ப வரவில்லை. கழிப்பறை சுத்தம் செய்யும் செலவு என்று முழுவதையும் கழித்துக்கொண்டார்கள். இப்போது போன் எடுப்பதில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார் செய்கிறேன். இதேபோல ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வண்டி எண் தெரியும் படம் மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை.

உண்மையிலேயே அந்தப் போர் வழியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்குப் போங்கள். சாதாரண மஞ்சள் பலகை டாக்ஸி போதும். மோயாறு வளைந்து ஓடுவதும், தெங்குமரஹாடா வயல்களும், தூரத்தில் பவானிசாகர் தண்ணீரும் ஒரே பார்வையில் தெரியும். அங்கேதான் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு, படை எந்தப் பக்கம் இறங்கியிருக்கும் என்று எங்களுக்குக் காட்டினார். பேக்கேஜில் இல்லாத இடம் அது, நாங்கள் வற்புறுத்திப் போகச் சொன்னோம். மேகம் ஏறுவதற்கு முன்னால், காலையிலேயே போய்விடுங்கள்.

அந்தக் குழு இப்போது வேறு பெயரில் அதே படங்களைப் போட்டு விளம்பரம் செய்கிறது. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே வெள்ளை வண்டி, பக்கவாட்டில் விரித்த நீலத் துணிப் பந்தல், முன்னால் இரண்டு மடக்கு நாற்காலி. அந்தப் படத்தோடு யாராவது அட்வான்ஸ் கேட்டால், வண்டி எண்ணும் வனத்துறை அனுமதிக் கடிதமும் கைக்கு வராமல் பணம் போடாதீர்கள்.